உயரம் குறைவானவர்கள் புதுச்சேரியில் அளவான உடைகளை எப்படி வாங்குவது?

கேள்வி கேட்டவர் 4 அடி 9 அங்குலம் உயரம். புதிதாக வேலைக்குச் சேரப்போகிறார். எந்தக் கடையில் எதைப் போட்டுப் பார்த்தாலும் தொளதொளவென்று இருக்கிறது, குழந்தைகள் பிரிவுக்குப் போகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். நான் 4 அடி 10 அங்குலம். கடலூரில் வளர்ந்தவள், இப்போது புதுச்சேரியில் வேலை. அதனால் இந்தக் கேள்வி எனக்கு நன்றாகவே புரிகிறது.

நேரு வீதியில் ஒரு கடையில் என் கூட வந்த சித்தியிடம், "பாப்பாவுக்கு மேல் மாடியில பாருங்கம்மா" என்றார்கள். அப்போது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை எவ்வளவு சுருக்கென்று தைக்கும் என்று தெரியும். ஆனால் இந்தியப் பெண்களின் சராசரி உயரமே சுமார் 152 செ.மீ.தான், அதாவது 5 அடியை ஒட்டி. நாம் அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. நம் ஊர் உடம்புக்கென்று பொதுவான அளவுப் பட்டியல் இல்லாததால்தான் ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்டும் மத்திய ஜவுளி அமைச்சகமும் 'இந்தியா சைஸ்' என்ற பெயரில், 6 நகரங்களில் 25,000 பேருக்கு மேல் அளவெடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டன. இன்றைக்கும் ஒரு கம்பெனியின் 'எஸ்' இன்னொன்றின் 'எம்' மாதிரி இருக்கிறது. உடையில் இருக்கிற அளவுச் சீட்டை நம்பாதீர்கள், டேப் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாப்ஸ் எடுக்கும்போது நீளத்தைப் பார்க்காதீர்கள், சோல்டரைப் பாருங்கள். தோள் எலும்பு முடிகிற இடத்தில் தையல் உட்கார வேண்டும். அது கைப்பக்கம் இறங்கியிருந்தால், எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். நீளம், கை, பக்கவாட்டுத் தையல் எல்லாம் அரை மணி நேர வேலை. சோல்டரும் கைக்குழியும் அப்படி இல்லை, கையையே பிரித்துத் திரும்பப் பூட்ட வேண்டும்.

இன்னொரு விஷயத்தை நான் தைக்கக் கொடுக்கும் அக்காவிடம் கற்றுக்கொண்டேன். "கீழ வெட்டுனா நீளம்தாம்மா குறையும், இடுப்பு மேல வராது" என்றார். உண்மைதான். உயரமானவர்களுக்கு வெட்டிய டாப்ஸில் இடுப்பு வளைவு நமக்கு இடுப்புக்குக் கீழே போய் நிற்கும், அங்கே பிடிக்கும், மேலே தொங்கும். அவர் என்ன செய்தார் என்றால், தோள் தையலைப் பிரித்து முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் முக்கால் அங்குலம் மேலே ஏற்றிப் பிடித்தார். கழுத்து, மார்பு டாட் (மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் சின்ன மடிப்புத் தையல்), இடுப்பு எல்லாம் ஒன்றாக மேலே வந்தன. இப்படி ஏற்றினால் கைக்குழி சின்னதாகும், அதை அக்குள் பக்கம் கொஞ்சம் தோண்டிக் கொடுக்கவேண்டும். இதைச் சொன்னதும் புரிந்துகொள்கிற டெய்லர் கிடைத்துவிட்டால் விடாதீர்கள்.

குழந்தைகள் பிரிவு? டி-சர்ட், நைட் பேண்ட் எடுக்கலாம். வேலைக்குப் போடுகிற உடை வேண்டாம். அங்கே மார்புக்கு டாட் இருக்காது, பேண்டில் இடுப்பிலிருந்து கவட்டை வரைக்கும் உயரம் போதாது. உட்கார்ந்தால் இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதிச் சந்தையில் துணிக் குவியலைக் கிளறும்போது 146, 152 என்று சீட்டு இருக்கிற சட்டை கிடைத்தால் மட்டும் எடுத்துப் பாருங்கள். ஐரோப்பிய அளவில் அது செ.மீ. கணக்கில் பிள்ளையின் உயரம். நம் உயரம் அதில் அப்படியே வருகிறது.

என்னைக் கேட்டால், வேலைக்கு நாலைந்து செட் துணி எடுத்துத் தைத்துவிடுவதே நல்லது. கடலூர் பக்கம் என்றால் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலேயே எடுக்கலாம். வழக்கமாக இரண்டரை மீட்டர் கிழிப்பார்கள். முழங்கால் வரை வரும் நேர்வெட்டு டாப்ஸுக்கு, 44 அங்குல அகலத் துணியில் 2 மீட்டர் நமக்குத் தாராளம். காட்டன் என்றால் நனைத்துக் காயவைத்த பிறகு கொடுங்கள். உடம்பில் அளவெடுப்பதோடு, நன்றாகப் பொருந்துகிற பழைய டாப்ஸ் ஒன்றையும் அளவுக்குக் கொடுங்கள்.

பேண்டை நீளம் குறைக்கும்போது முட்டி எங்கே வருகிறது என்று பாருங்கள். கீழே குறுகும் பேண்டில் அடியை வெட்டினால் குறுகல் போய்விடும். முட்டியிலிருந்து திரும்பக் குறுக்கித் தைக்கச் சொல்ல வேண்டும்.

புடவையில் இந்தத் தொல்லை கிடையாது. அகலம் 45 அங்குலத்தில் கிடைத்தால் எடுங்கள், 48 என்றால் இடுப்பில் செருகும் மடிப்பு தடித்துவிடும். மெல்லிய காட்டனும் ஒடுக்கமான கரையும் நன்றாக நிற்கும்.

வேலையில் சேரும் தேதி தீபாவளிக்கு அருகில் என்றால் துணியை இப்போதே கொடுத்துவிடுங்கள். பண்டிகை நெருங்கிவிட்டால் எந்த டெய்லரும் சோல்டரைப் பிரித்துச் சரிசெய்ய நேரம் ஒதுக்க மாட்டார்.