"படம் பார்ப்பதற்கு ஒரு படிப்பா?" என்று கேட்கும் பெற்றோருக்கு

அம்மா, கோவில்பட்டியிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். நல்ல மார்க் வாங்கிய பிள்ளை பி.காம். வேண்டாம் என்கிறாள், சினிமாவிலும் டிவியிலும் வரலாறும் பண்பாடும் எப்படிக் காட்டப்படுகின்றன என்று ஆராயப் போகிறேன் என்கிறாள். கேட்ட வீட்டில் பயம் வரத்தான் செய்யும். "படம் பார்ப்பதற்கு ஒரு படிப்பா" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதிலும் தப்பில்லை. ஆனால் முடிவு எடுப்பதற்கு முன்னால், இந்தப் படிப்பில் அவள் உட்கார்ந்து என்ன செய்வாள் என்பதை நீங்கள் இரண்டு பேரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் ஊர்ப்பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் ஜாக்சன் துரையிடம் சிவாஜி வரி, வட்டி, கிஸ்தி என்று முழங்கும் காட்சி உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். நம்மில் பாதிப் பேருக்குக் கட்டபொம்மன் என்றால் அந்தக் குரல்தான். நடந்தது என்ன? கலெக்டர் ஜாக்சன் அவரை ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் சந்தித்தார். பேச்சு முறிந்து கோட்டையில் கைகலப்பு ஆகி, கிளார்க் என்ற ஆங்கிலேய அதிகாரி செத்துப்போனார். அதற்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி விசாரணை வைத்து, ஜாக்சனையே பதவியிலிருந்து எடுத்துவிட்டு லஷிங்டனைக் கலெக்டராக்கியது. மறு வருஷம் கம்பெனியின் படைத் தளபதி பானர்மேன் படையெடுத்து வந்ததும், 1799 அக்டோபர் 16-இல் கயத்தாறில் தூக்கிலிட்டதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இந்தத் துறையில் இருப்பவர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது உண்மை எது பொய் என்று டிக் அடிப்பதோடு நிற்க மாட்டார். அந்தக் கதை முதலில் சிவாஜி நாடக மன்றத்தின் மேடை நாடகம், அப்புறம்தான் படம், அதனால்தான் வசனம் அப்படி நீண்டு முழங்குகிறதா என்று பார்ப்பார். சுதந்திரம் வந்து பன்னிரண்டு வருஷத்தில், தமிழறிஞர் ம.பொ.சி. கட்டபொம்மனைப் பற்றி எழுதியும் பேசியும் ஊரெல்லாம் பரப்பியிருந்த காலத்தில், ஜனங்கள் ஏன் அந்த வசனத்துக்குக் கை தட்டினார்கள் என்று கேட்பார். நாட்டுப்புறப் பாடல் ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலில் வரும் கட்டபொம்மன் வேறு மாதிரி இருக்கிறாரே, அவரை ஏன் படம் எடுத்துக்கொள்ளவில்லை என்றும் கேட்பார். கயத்தாறில் நிற்கிற சிலையே சிவாஜி கணேசன் வைத்ததுதான். அதாவது படம் வரலாற்றைக் காட்டியதோடு நிற்காமல், வரலாற்றை நாம் போய்க் கும்பிடுகிற இடத்தையும் அமைத்துக் கொடுத்திருக்கிறது! எனக்கு இதைவிடச் சுவாரசியமான ஆராய்ச்சி தெரியாது. இதற்குக் கலெக்டர்கள் கையால் எழுதிய பழைய ஆங்கிலக் கடிதங்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து படிக்கத் தெரிய வேண்டும், பழைய தமிழும் தெரிய வேண்டும். சோம்பேறிப் பிள்ளைகளுக்கு ஆகிற வேலை இல்லை.

சரி, எங்கே படிப்பது? இதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். தரமணியில் இருக்கிற அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியும் புனே திரைப்படக் கல்லூரியும் முக்கியமாகப் படம் எடுக்கக் கற்றுத்தருகிற இடங்கள், அங்கே கேமராவும் எடிட்டிங்கும் டைரக்‌ஷனும் படிப்பார்கள். உங்கள் மகள் கேட்பது ஆய்வு. அதற்கு என் ஆலோசனை ஒன்றே ஒன்றுதான்: இளங்கலையில் நேராகச் சினிமாவுக்குப் போக வேண்டாம், பி.ஏ. வரலாறு சேருங்கள். விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியலும் நல்ல படிப்புதான், ஆனால் ஆவணம் படிக்கிற பழக்கத்தை அது தராது. வரலாறு என்றால் மதுரையிலோ பாளையங்கோட்டையிலோ அரசு உதவி பெறும் கல்லூரியில் குறைந்த செலவில் முடிக்கலாம், மூன்று வருஷத்தில் அவள் மனசு மாறினாலும் போட்டித் தேர்வு, பி.எட்., சட்டம் என்று எந்தக் கதவும் மூடாது. முதுகலையில் சினிமா ஆய்வு. கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1993-இலிருந்து இதற்குத் தனித் துறையே இருக்கிறது. டெல்லி ஜே.என்.யு.வில் கலை, அழகியல் பள்ளியில் படிக்கலாம், அதற்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். படித்து முடித்ததும் கேம்பஸில் வந்து அள்ளிக்கொண்டு போகிற துறை இல்லை இது, முதல் சில வருஷம் சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டுமானால் வரலாற்றிலோ இதழியலிலோ நெட் என்ற தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதிலேயே ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் பிஎச்.டி. ஆரம்பத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும், உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்காது. இன்னொரு பக்கம், சரித்திரக் கதையைத் தொடராகவோ படமாகவோ எடுப்பவர்களுக்கு உடை, நாணயம், கோட்டை, பேச்சு வழக்கு என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்துத் தர ஆள் தேவைப்படுகிறது. அந்த வேலை பெரும்பாலும் ஒப்பந்த முறையில்தான், நிரந்தரம் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். அருங்காட்சியகம், ஆவணப்படம், பத்திரிகை எல்லாம் உண்டு. பலர் யோசிக்காத ஒன்று திரைப்படப் பாதுகாப்பு. புனேயில் 1964-இல் தொடங்கிய தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது, மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் இதற்கென்றே பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறது, 2017-இல் சென்னையிலேயே ஒன்று நடத்தினார்கள். தமிழின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' நமக்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்பதை நினைத்தால், இந்த வேலைக்கு நம் பிள்ளைகள் போக மாட்டார்களா என்று எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது.

உங்கள் வீட்டில் சேமிப்பு குறைவு, தம்பியும் படிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் முதுகலைக்கு அரசுப் பல்கலைக்கழகங்களை மட்டும் பாருங்கள். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கிற தனியார் மீடியா கல்லூரிகளின் விளம்பரத்தை நம்பிப் போக வேண்டாம்.

கல்லூரி திறப்பதற்குள் அவளை ஒன்று செய்யச் சொல்லுங்கள். பாஞ்சாலங்குறிச்சிக்கும் கயத்தாறுக்கும் ஒருமுறை போய்வரட்டும், கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தில் கட்டபொம்மன் பகுதியைப் படிக்கட்டும், அப்புறம் படத்தை மறுபடி பார்த்துவிட்டு நான்கு பக்கம் எழுதட்டும். எழுதி முடித்தாளானால் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுப் பதில் போடுகிறேன். நான்காம் பக்கத்துக்கு முன்பே சலித்துப் போனால் பி.காம். விண்ணப்பத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.