பெர்ரி விதை எண்ணெய்: தாளிக்க வேண்டாம், மேலே ஊற்றிச் சாப்பிடுங்கள்

சிங்கப்பூர் வாசகர்கள் தங்கள் வட்டாரப் பெயரோடு கேட்ட கேள்விகளும் என் பதில்களும்:

ஈசூன்: வீட்டில் நல்லெண்ணெய்தான், அக்கா. ராஸ்பெர்ரி விதை எண்ணெய்க்கு மாறட்டுமா?

மாற வேண்டாம்மா, இரண்டுக்கும் வேலை வேறு. நல்லெண்ணெயில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு ஒரு சதவீதம்கூடத் தேறாது. ராஸ்பெர்ரி விதை எண்ணெயில் சுமார் 30 சதவீதம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, நாலரை கிராம் எடை இருக்கும்; அதில் ஏறக்குறைய 1.4 கிராம் ஒமேகா-3. பெண்களுக்கு நாளுக்கு 1.1 கிராமும் ஆண்களுக்கு 1.6 கிராமும் போதும் என்பது கணக்கு. ஆகவே ஒரு தேக்கரண்டியிலேயே பெண்களுக்கு முழுதும், ஆண்களுக்குப் பெரும்பகுதியும் கிடைத்துவிடும். அதற்கு மேல் ஊற்றினால் கூடுவது கலோரிதான், தேக்கரண்டிக்கு 40.

ஜூரோங்: எந்த பெர்ரியாக இருந்தாலும் ஒன்றுதானே?

இல்லை. கிரான்பெர்ரி, ராஸ்பெர்ரிக்கு நெருக்கம். பிளாக்கரண்ட் விதை எண்ணெயில் காமா லினோலெனிக் அமிலம் என்ற ஒரு வகை ஒமேகா-6 கொழுப்பு சுமார் 15 சதவீதம் உண்டு, அது ராஸ்பெர்ரியிலோ கிரான்பெர்ரியிலோ கிடைக்காது. திராட்சை விதை எண்ணெயில் 70 சதவீதம் ஒமேகா-6. ஒமேகா-3க்காக அதை வாங்குவது வீண். சீ பக்தார்ன் என்ற சிறு பழத்தில் விதைக்கும் சதைக்கும் தனித்தனி எண்ணெய். அடர்ந்த ஆரஞ்சு நிறமாக இருந்தால் சதை எண்ணெய். அதில் ஒமேகா-3 மிகக் குறைவு. புட்டியில் ‘விதை’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தெம்பனிஸ்: கடுகு தாளித்தேன், கசந்துவிட்டது. எண்ணெய் கெட்டதா?

கெட்டது எண்ணெய் அல்ல, சூடு கெடுத்தது. ஒமேகா-3 கொழுப்பு சூட்டிலும் வெளிச்சத்திலும் காற்றிலும் சீக்கிரம் சிதையும். தாளிப்பை வழக்கமான எண்ணெயில் முடித்து, அடுப்பை அணைத்து, தட்டில் போட்ட பிறகு இதை ஊற்றுங்கள். தயிர்ப் பச்சடி, கீரை மசியல், ஆறிய கஞ்சி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வைக்கும் முறையும் முக்கியம். 30 டிகிரியில் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறை அலமாரி இதற்கு ஆகாது. கறுத்த கண்ணாடிப் புட்டி, இருப்பதிலேயே சிறிய அளவு, குளிர்பதனப்பெட்டியின் உள்தட்டு. ஊற்றியதும் உடனே மூடுங்கள். திறந்து வைத்தால் நம் ஊர் ஈரக்காற்று சில்லிட்ட புட்டிக்குள் நீராய்ப் படியும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பாருங்கள். வார்னிஷ் வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

பொங்கோல்: நாங்கள் சைவம். மீன் எண்ணெய்க்குப் பதில் இது போதுமா?

போதாது. மீனில் இருப்பது இபிஏ, டிஹெச்ஏ என்ற வேறு வகை ஒமேகா-3. செடி ஒமேகா-3இலிருந்து உடல் இபிஏவைக் கொஞ்சம்தான் உண்டாக்கும், டிஹெச்ஏ அதனினும் குறைவு. கர்ப்பிணிகள் இதை நம்பி இருந்துவிடக் கூடாது. கடல் நுண்பாசியிலிருந்து எடுக்கும் டிஹெச்ஏ மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

பிடோக்: வீட்டிலேயே பிழியலாமா?

கட்டுப்படியாகாது. ஒரு கிலோ ராஸ்பெர்ரியில் விதை சுமார் 100 கிராம், அதில் எண்ணெய் 10 முதல் 20 சதவீதம். வீட்டு இயந்திரத்தில் அதுவும் முழுதாக இறங்காது. பழத்தின் வைட்டமின் சி, நார்ச்சத்து இரண்டும் எண்ணெயில் வராது. பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள்.

உட்லண்ட்ஸ்: அப்பா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். கொடுக்கலாமா?

கேட்காமல் கொடுக்காதீர்கள். பிளாக்கரண்ட், சீ பக்தார்ன் எண்ணெய்கள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது புட்டியையே எடுத்துச் சென்று மருந்தாளரிடம் காட்டுங்கள்.