ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளில் நேற்று நடந்ததை ஏன் நிகழ்காலத்தில் எழுதுகிறார்கள்?

தமிழ்வழியில் படித்து, போட்டித் தேர்வுக்காக இப்போதுதான் ஆங்கில நாளிதழைக் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்று கருதி எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவன்தான்.

சோழவந்தான் பக்கம், பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான இருபோகப் பாசனப் பகுதியில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. நான் கல்லூரியில் படித்தபோது ஒரு ஜூன் மாதம், அணை திறக்கும் நாள் பற்றி ஊரில் ஆளுக்கொரு பேச்சாக இருந்தது. மதுரையிலிருந்து வாங்கி வந்த ஆங்கில நாளிதழில் 'வாட்டர் டு பி ரிலீஸ்டு ஃப்ரம் வைகை டேம்' என்ற தலைப்பைப் பார்த்த நான், 'ரிலீஸ்டு' என்ற ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டு, தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "நல்லாப் பாத்துத்தான் சொல்றியாப்பா?" என்று கேட்டுவிட்டு, அன்றிரவே விதைநெல்லை ஊறப்போட்டார். மூன்றாம் நாள் சாக்கைப் பிரித்தபோது விதை வெள்ளை முளை விட்டுச் சூடாக இருந்தது. வாய்க்காலோ காய்ந்து கிடந்தது. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கேட்டு வாங்கிப் பாதியை விதைத்தோம், மீதி வீணாயிற்று.

தலைப்பில் இப்படி வினைக்கு முன்னால் 'டு' வந்தால் பெரும்பாலும் இனிமேல் நடக்கப்போவது என்று பொருள். 'இஸ்', 'வாஸ்' போன்ற துணைவினைகளைத் தலைப்பில் விட்டுவிடுவதால், 'த்ரீ அரெஸ்டெட்' என்பது மூவர் கைது செய்யப்பட்டனர் என்ற செயப்பாட்டு வினையே தவிர, மூவர் யாரையோ கைது செய்தனர் என்பதன்று. நீங்கள் கேட்ட நிகழ்காலம், 'மினிஸ்டர் இனாகரேட்ஸ் பிரிட்ஜ்' என்பதைப் போல, நடந்து முடிந்த செய்தியை வாசகரின் கண்முன் நடப்பதாக நிறுத்துவதற்கு வருவது. கீழே செய்திக்குள் போனதும் அதே வினை இறந்தகாலத்துக்குத் திரும்பிவிடும்.

இடம் மிச்சப்படுத்தத்தான் இப்படி எழுதுகிறார்கள் என்று சிலர் மறுக்கக்கூடும். துணைவினை விடுபடுவதற்கு அது காரணமாகலாம், ஆனால் 'இனாகரேட்ஸ்', 'இனாகரேட்டட்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 11 எழுத்துகள்தான். நான் மொழியியல் படித்தவன் அல்லன். பல ஆண்டுகள் நாளிதழ் படித்துக் கண்டதைத்தான் சொல்கிறேன். இதையெல்லாம் 'பத்திரிகைக்காரர்களின் தப்பு இலக்கணம்' என்று ஒதுக்கிய பயிற்சி ஆசிரியர் ஒருவர் மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. 'வைகை அணையில் நீர் திறப்பு' என்ற நம் தலைப்பில் காலமே இல்லை. அதை யாரும் தப்பு என்பதில்லையே.

தலைப்பில் ஐயம் வந்தால் செய்தியின் முதல் வாக்கியத்தைப் படித்துவிடுங்கள். நான் படிக்காமல் விட்ட அந்த வாக்கியத்தில்தான் திறப்பு நாள் அடுத்த வாரம் என்று இருந்தது.