கோயில் பணமும் குடியுரிமையும்

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேர் இப்போது கிறிஸ்தவ சபைக்குப் போகிறார்கள். படித்த பிள்ளைகள் சிலர் சாமியே இல்லை என்கிறார்கள். சம்பளத்தில் பிடிக்கிற கோயில் பணத்தையும் நிறுத்தச் சொல்கிறார்கள். இவர்களை வீட்டுத்திட்டப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளினால் என்ன தப்பு?
- ஒரு கோயில் கமிட்டிக்காரர், பொகவந்தலாவை

பதில்: என்ன தப்பு என்று உங்கள் தாத்தா சொல்லியிருப்பார். 1948ஆம் ஆண்டு இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் இங்கேயே பிறந்தவரிடம், 'உன் அப்பன் இங்கே பிறந்தவனா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா?' என்று கேட்டது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் அதற்கெல்லாம் யாரிடம் கடுதாசி இருந்தது? மாரியம்மனைக் கும்பிட்டவரும் மாதா கோயிலுக்குப் போனவரும் ஒன்றாகத்தான் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் நம்மைப் பங்கு போட்டபோதும் திருநீறா சிலுவையா என்று பார்க்கவில்லை. மிச்சக் கணக்கைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

அன்று பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டார்கள். இன்று நீங்கள் பேரன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று கேட்கிறீர்கள்.

அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது என்று குறைப்படாத ஆள் நம்மில் குறைவு. அதற்கு அடுத்த 10ஆம் உறுப்புரை, விரும்பிய மதத்தையோ நம்பிக்கையையோ ஏற்கும் சுதந்திரத்தை எல்லாருக்கும் தருகிறது. நீங்களோ தோட்டத்துக்குள் சொந்தமாக ஒரு 9 எழுதப் பார்க்கிறீர்கள்.

சபைக்காரர் சிலர் மன்மதன் கதையை ஆடும் நம் காமன் கூத்தைப் பேய் வேலை என்று பேசுவது எனக்கும் பிடிக்காததுதான். அதை அவர்களிடம் நேரே சொல்லுங்கள். அப்படியே ஏன் கோயிலை விட்டுப் போனார்கள் என்றும் விசாரியுங்கள். தப்படிக்கிறவரைத் திருவிழா முழுக்க வாசலிலேயே நிறுத்திய கோயில்கள் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, பணத்துக்கு வருவோம். கோயில் பணத்தை விருப்பம் உள்ளவர் கொடுக்கட்டும். மரண சங்கப் பணத்தை எல்லாரிடமும் வாங்குங்கள். சாமி இல்லை என்கிற பையன் வீட்டிலும் ஒரு நாள் சாவு விழும். குழி வெட்ட நீங்களும்தான் போவீர்கள். வீட்டுப் பட்டியலுக்கு, எந்தக் காம்பராவில் கூரை ஒழுகுகிறது, எத்தனை பேர் நெருக்கிப் படுக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம், அந்தக் கூட்டத்தைக் கோயிலில் வைக்காதீர்கள். எல்லார் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வையுங்கள்.