கைடட் சாணையில் நுனி மட்டும் ஏன் அகலமாகத் தேய்கிறது?

கேள்வி: எட்டு அங்குல செஃப் கத்தியைத் தீட்ட, கைடட் சாணை வாங்கினேன் (கத்தியைக் கிளாம்ப் பிடித்திருக்கும், மூட்டில் ஆடும் கம்பியில் மாட்டிய கல் அதைத் தேய்க்கும்). கத்தியை நடுவில் பிடித்து, அளவுகோலில் 15 டிகிரி வைத்துத் தேய்க்கிறேன். வாயின் நடுப்பகுதி சரியாக இருக்கிறது, நுனிப் பக்கம் சரிவு (வாயோரம் கல் தேய்த்த சாய்வான பட்டை) அகலமாகிவிடுகிறது. அதோடு, ஒவ்வொரு முறையும் சொரசொரப்பான கல்லிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கோணத்தை மாற்றவே இல்லை. என்ன கோளாறு?

பதில்: அளவுகோலில் மாற்றவில்லை என்றாலும் வாயில் கோணம் மாறியிருக்கிறது. அளவுகோலில் போட்டிருக்கும் எண், கத்தி ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருந்தால் கிடைக்கும் கோணம்தான். உண்மையான கோணத்தைத் தீர்மானிப்பவை மூன்று: கம்பியின் மூட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து வாய் எவ்வளவு தள்ளி இருக்கிறது, கல் எவ்வளவு தடிமன்.

மூட்டு வாயின் மட்டத்துக்கு 40 மி.மீ. மேலே, 150 மி.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோணம் 15 டிகிரி. அதே கத்தியை அடுத்த முறை கிளாம்ப்பில் 10 மி.மீ. கூடுதலாக வெளியே நீட்டிப் பிடித்தால் கோணம் 14 ஆகிவிடும். 2 மி.மீ. தடிமன் கூடிய கல்லை மாட்டினால் கம்பி மேலே தூக்கப்பட்டு, முக்கால் டிகிரி குறையும். தேய்ந்து மெலிந்த கல்லில் இது தலைகீழ்: கோணம் கூடும். நீங்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேய்ப்பதற்கு இதுதான் காரணம். கோணம் குறைந்துவிட்டால் கல் வாயின் ஓரத்தைத் தொடாது, சரிவின் மேல்விளிம்பையே தேய்த்துக்கொண்டிருக்கும். அந்த இரும்பெல்லாம் போன பிறகுதான் வாய் கல்லுக்குக் கிடைக்கும்.

இனி நுனி. கம்பி பக்கவாட்டில் போகப் போக நீளுகிறது, அதனால் கோணம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வாய் நேராக இருக்கும்வரை அது தவறு. ஒரு நேர்கோடும் அதற்கு வெளியே ஒரு புள்ளியும் இருந்தால் அவை இரண்டும் அடங்கும் தளம் ஒன்றே ஒன்றுதான். கல் அந்தத் தளத்திலேயே நகர்கிறது. கத்தியின் நேரான பகுதி முழுக்கக் கோணம் ஒன்றே. டிஜிட்டல் கோணமானியைக் கல்மேல் வைத்து ஓரத்துக்குத் தள்ளினால் எண் குறைவது, அது கம்பியின் சாய்வான திசையை அளப்பதால். நடுவில், கம்பி வாய்க்குச் செங்குத்தாக இருக்கும் இடத்தில் மட்டும் அளவெடுங்கள்.

நுனிக்கு அருகே வாய் வளையும்போதுதான் கணக்கு மாறுகிறது. உங்கள் கத்தியில் கிளாம்ப்பிலிருந்து 90 மி.மீ. தள்ளி, வாய் 15 மி.மீ. உள்வாங்கி 30 டிகிரி திரும்பியிருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவுகளில் அங்கே கோணம் 13.9தான். கோணம் குறைந்தால் சரிவு அகலமாகும். நீங்கள் பார்ப்பது அதுதான். கிளாம்ப்பை 25 மி.மீ. நுனிப் பக்கம் நகர்த்துங்கள். அதே இடம் 15.0க்கு வந்துவிடும். இன்னும் 25 மி.மீ. நகர்த்தினால் 16.3 ஆகி, நுனியில் சரிவு ஒடுங்கும். ஆக, நுனி அகலமானால் கிளாம்ப்பை நுனியை நோக்கியும், ஒடுங்கினால் பிடியை நோக்கியும் நகர்த்த வேண்டும்.

ஒவ்வொரு கத்தியின் வளைவும் வேறு என்பதால், சரியான இடத்தை மார்க்கர் பேனாவால் கண்டுபிடியுங்கள். நுனியிலிருந்து பிடி வரை சரிவு முழுவதும் மை பூசி, இருப்பதிலேயே நைசான கல்லால் அழுத்தாமல் ஒரே ஒரு தடவை தடவுங்கள். மை வாயோரம் மட்டும் அழிந்திருந்தால் கல்லின் கோணம் கத்தியில் இருப்பதைவிடக் கூடுதல். மேல்விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. நடுவிலும் நுனியிலும் ஒரே மாதிரி அழியும் வரை கிளாம்ப்பை நகர்த்திப் பாருங்கள். கடையிலிருந்து வந்த சரிவே சீராக இல்லாத கத்திகள் நிறைய உண்டு. அப்படியானால் முதல் முறை 400 கிரிட் கல்லில் (எண் குறையக் குறையச் சொரசொரப்பு அதிகம்) பொறுமையாகப் புதுச் சரிவு எடுத்தே ஆக வேண்டும். மறுபக்கம் பிசிறு (தேய்க்கும்போது வாயோரம் மடியும் மெல்லிய இரும்பு) வாய் முழுக்கத் தட்டுப்படும்வரை பக்கம் மாற்றாதீர்கள்.

இடம் கிடைத்ததும் கத்தியின் முதுகில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கிளாம்ப்பின் ஓரத்தைப் பென்சிலால் கோடிடுங்கள். நுனியிலிருந்து அந்தக் கோட்டுக்கு எவ்வளவு, கிளாம்ப்பின் தாடையிலிருந்து (கத்தியைக் கவ்வும் பாகம்) வாய் எவ்வளவு நீண்டிருக்கிறது, கோணம் எவ்வளவு: இந்த மூன்றையும் கத்தி வாரியாகக் குறித்து வைக்க வேண்டும். கல் மாற்றும்போதெல்லாம் கோணமானியால் அளந்து, 0.2 டிகிரிக்குள் கொண்டுவாருங்கள். சமையலுக்கு அரை டிகிரி வித்தியாசம் தெரியவே தெரியாது, ஆனால் தீட்டும் நேரம் அதில்தான் போகிறது. அளவு பொருந்தினால் அடுத்த முறை 1000 கல்லிலேயே தொடங்கலாம்.

கோணமானியைப் பூஜ்யமாக்குவது கிளாம்ப்பின் தட்டையான பாகத்தில். கத்தியின் பக்கம் முதுகிலிருந்து வாய்க்கு மெலிந்துகொண்டே வருவதால் அங்கே வைத்தால் ஒன்றிரண்டு டிகிரி பிசகும். திருப்பிப்போடும் கிளாம்ப் என்றால், இரு பக்கமும் கத்தியின்மேல் கோணமானியை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 0.3, மறுபக்கம் 2 என்று வந்தால் கத்தி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. தாடையின் திருகைச் சரிசெய்யாமல் தேய்த்தால் இரு பக்கச் சரிவும் இரண்டு அகலத்தில் வரும்.

கிளாம்ப்பை நுனிப் பக்கம் தள்ளியதால் பிடிப்பக்கம் தாங்கலில்லாமல் நிற்கும். அங்கே அழுத்தினால் கத்தி வளைந்து கோணம் விலகும். கல்லின் எடையே போதும். நுனியில் கல்லின் பாதி அகலத்துக்கு மேல் வெளியே போகவிடாதீர்கள், கூர்முனை உருண்டுவிடும்.

கல்லும் குழியக்கூடாது. நடுவில் பள்ளம் விழுந்த கல்லில் ஒவ்வொரு இழுப்பிலும் கோணம் ஏறி இறங்கும். கல்லின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, தடித்த கண்ணாடியில் சிலிக்கான் கார்பைடு பொடியும் தண்ணீரும் விட்டு, கோடுகள் முழுதும் அழியும் வரை தேய்த்துச் சமன் செய்யுங்கள். அதன் பிறகு தடிமனைத் திரும்ப அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.