அரசரைத் துறந்த பிறகும் நெதர்லாந்தில் 'ஸ்டாட்ஹோல்டர்' பதவி எப்படிச் சட்டப்படி நீடித்தது?

பெயரிலேயே சிக்கல் இருக்கிறது: 'ஸ்டாட்ஹோல்டர்' என்றால் இன்னொருவர் இடத்தில் இருப்பவர். அந்த இன்னொருவர் போய்விட்டால்?

1559-இல், நெதர்லாந்தையும் ஆண்ட ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப், ஆரஞ்சு இளவரசர் வில்லியமை ஹாலந்து, சீலாந்து, உட்ரெக்ட் மாகாணங்களுக்கு ஸ்டாட்ஹோல்டராக நியமித்தார். அடித்தளம் இரண்டு ஆவணங்கள். நியமனப் பத்திரம் அதிகாரத்தைக் கொடுத்தது; அறிவுறுத்தல் பத்திரம் அதற்கு வரம்பு கட்டியது. 1567-இல் வில்லியம் வெளியேறியதும் அரசர் வேறொருவரை அமர்த்தினார். ஆனால் 1572-இல் டோர்ட்ரெக்டில் கூடிய ஹாலந்து மாகாண சபை, வில்லியம்தான் இன்னும் அரசரின் ஸ்டாட்ஹோல்டர் என்றது. அரசர் பெயராலேயே அரசரை எதிர்த்த சாமர்த்தியமான புனைவு இது.

1581-இல் மாகாணங்கள் பிலிப்பைத் துறந்ததும் அந்தப் புனைவு செல்லாக்காசானது. பிறகு நியமனம் மாகாண சபைகளின் கைக்கு வந்தது. 1585-இல் வில்லியமின் மகன் மொரிஸை ஹாலந்தும் சீலாந்தும் அப்படித்தான் நியமித்தன. ஆக எசமான் மாறினார், பதவி மாறவில்லை. நகர நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் பழைய அதிகாரமும் கூடவே வந்தது. பெரும்பாலும் நகரங்கள் தேவையானதைப் போல் இரு மடங்கு பெயர்கள் கொண்ட பட்டியல் தரும், அவர் பாதியைத் தேர்வார்.

ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாக நியமித்ததால், ஃபிரீஸ்லாந்துக்கு வேறு ஸ்டாட்ஹோல்டர் இருந்தார். வாரிசுரிமையும் இல்லை: 1650-இல் அப்போதைய ஸ்டாட்ஹோல்டர் இரண்டாம் வில்லியம் இறந்ததும் ஹாலந்து 1672 வரை இடத்தைக் காலியாகவே விட்டது. எல்லா மாகாணங்களிலும் பதவி பரம்பரையானது 1747-இல்தான்.