இதயத்தில் பெரிய ஓட்டை உள்ள கைக்குழந்தை பால் குடிக்கத் திணறுகிறது, எடையும் ஏறவில்லை. என்ன செய்யலாம்?

ஐந்து நிமிடம் சப்பிவிட்டுத் தூங்கிப்போகிறான், எழுப்பினால் அழுகிறான், இரண்டு மாதமாகியும் எடை ஏறவில்லை, எனக்குப் பால் பத்தவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். என் பையனுக்கும் இதே வி.எஸ்.டி.தான், கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் பெரிய ஓட்டை. நான் டாக்டர் இல்லை, உங்கள் குழந்தைக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு பால் என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். நான் பட்டதைச் சொல்கிறேன்.

பால் பத்தவில்லை என்ற பேச்சை முதலில் தள்ளி வையுங்கள். என் வீட்டிலும் அதே பேச்சுதான். பால்சுறா புட்டும் பூண்டுக் குழம்பும் தின்று தின்று எனக்கு எடை ஏறியதே தவிர அவனுக்கு ஏறவில்லை. கைக்குழந்தை ஒரு நாளில் செய்கிற பெரிய உடலுழைப்பே பால் குடிப்பதுதான். எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டையை ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஏறி இறங்கு என்றால் நமக்கு எப்படி இருக்கும், அதுதான் இவர்களுக்கு. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு அந்த ஓட்டை வழியாகத் திரும்ப நுரையீரலுக்கே போகிறது, நுரையீரல் கனத்து மூச்சு வேகமாகிறது. சப்ப வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். ஏற்கெனவே இரைக்கிற பிள்ளை எதை முதலில் செய்யும்? மூச்சைத்தான். அதனால் விட்டு விட்டுக் குடிக்கிறது, வயிறு நிறையும் முன்னால் களைத்துத் தூங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, குடித்த கொஞ்சத்திலும் ஒரு பங்கை அந்த இதயமும் மூச்சும் செலவழித்துவிடும்.

"பிறந்தப்ப நல்லாத்தானே குடிச்சான், யார் கண்ணு பட்டுச்சோ" என்று சொல்வார்கள். கண்ணு எல்லாம் இல்லை. பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருப்பதால் ஓட்டை வழியே அதிகம் ரத்தம் பாயாது. நான்கைந்து வாரத்தில் அந்த அழுத்தம் இறங்க இறங்கத்தான் பாய்ச்சல் கூடும். எங்களுக்குச் சரியாக ஐந்தாவது வாரத்தில் ஆரம்பித்தது.

மார்கழி மாதம், விடியற்காலை நான்கு மணி. ஃபேன் ஓடவில்லை, நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் இவன் நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வியர்வை, பின்னந்தலை நனைந்து என் முழங்கை வரைக்கும் ஈரம். மூக்கு விடைக்கிறது, விலா எலும்புக்கு அடியில் ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுகிறது. மாமியார் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உள்சூடு, உரை மருந்து உரசிக் கொடுக்கணும்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன, அதற்கு முந்தின வாரம் ஒரு கிளினிக்கில் "முதல் பிள்ளை, அம்மாவுக்குப் பதற்றம்" என்று சொல்லி வயிற்று வலிக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. அப்புறம் வேறு ஒரு டாக்டர் நெஞ்சில் இரைச்சல் சத்தத்தைக் கேட்டு, மதுரைக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க அனுப்பினார்.

அங்கே எனக்கு முதலில் சொன்னது, ஒரு வேளைப் பாலை அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதே என்பது. நானோ ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று பாதத்தைச் சுண்டிச் சுண்டி எழுப்பிக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கஷ்டப்பட்டு உள்ளே போன பாலின் சத்து அந்தக் கஷ்டத்துக்கே போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு இரண்டரை மணிக்கு ஒரு தடவை, தலை நன்றாக உயர்ந்திருக்கிற மாதிரி பிடித்து, நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்க விட்டுக் கொடுங்கள் என்றார்கள். முன்பாலைப் பீச்சி எடுத்துவிட்டு, கொழுப்பு அதிகமுள்ள பின்பாலைக் குடிக்க விடு என்றும் சொன்னார்கள். அது எங்களுக்குக் கொஞ்சம் உதவியது.

ஆனால் கணக்கு உதைத்தது. அங்கிருந்த டயட்டீஷியன் பேப்பரில் போட்டுக் காட்டினார். சாதாரணக் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100, 110 கலோரி போதும். இந்தக் குழந்தைகளுக்கு 120 முதல் 150 வரை வேண்டும். இவன் அப்போது 3.4 கிலோ. 130 என்று வைத்தால் 440 கலோரி. தாய்ப்பால் 100 மி.லி.யில் சுமார் 67 கலோரி, ஆக 650 மி.லி.க்கு மேல் போக வேண்டும். நான் நோட்டில் குறித்து வைத்திருந்தது 350ஐத் தாண்டியதே இல்லை. பிறந்தபோது 2.9 கிலோ, 60 நாளில் ஏறியது அரை கிலோ. இந்த வயதில் நாளைக்கு 25, 30 கிராம் ஏற வேண்டும் என்றால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். அளவை ஏற்றிக்கொண்டே போகலாம் என்றால் அதுவும் முடியாது, நீர் அதிகமானால் நுரையீரலுக்குக் கேடு. அதற்காகத்தானே லாசிக்ஸ் மருந்து கொடுத்து நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிறார்கள். அதனால் அதே அளவுப் பாலுக்குள் கலோரியைக் கூட்டுவார்கள், பீச்சிய தாய்ப்பாலில் பால் பவுடர் கலந்தோ அவர்கள் சொல்லும் எண்ணெய் ஒரு அளவு சேர்த்தோ. இதை தயவுசெய்து யூடியூப் பார்த்து நீங்களாகச் செய்யாதீர்கள். கெட்டியாகக் கலந்து வயிற்றுப்போக்கு வந்த குழந்தையை அதே வார்டில் பார்த்தேன்.

சங்கும் வேண்டாம். மடியில் மல்லாக்கப் படுக்க வைத்துத் தொண்டையில் ஊற்றுவது நம் ஊரில் பழக்கம், ஆனால் மூச்சு வாங்குகிற பிள்ளைக்குப் புரை ஏறினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கொடுக்கச் சொன்னால், நர்ஸ் எப்படி உட்கார வைத்து உதட்டோரம் வைத்துக் கொடுக்கிறார் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

சரி, குழாய். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட வேண்டும் என்று சொன்ன அன்று நான் அழுத அழுகை இருக்கிறதே, ஆபரேஷன் என்று சொன்ன அன்றுகூட அப்படி அழவில்லை. தாய்ப்பால்கூட ஒழுங்காகக் கொடுக்கத் தெரியவில்லை என்று ஊரே பார்க்கிற மாதிரி கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு பஸ்ஸில் வர வேண்டும். இப்போது யோசித்தால், ஒரு மாதம் முன்னாலேயே போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. 20 நிமிடம் வாயால், மிச்சத்தைக் குழாயில். பிஸ்டனை எடுத்துவிட்டு சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தால் பால் தானாக மெதுவாக இறங்கும், அழுத்தித் தள்ளக் கூடாது. ஒவ்வொரு முறையும் குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று சோதித்த பிறகே ஊற்ற வேண்டும். அதை வீட்டுக்கு அனுப்பும் முன் உங்கள் கையாலேயே பல தடவை செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஒரு தடவை காட்டிவிட்டு அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குழாயில் பால் இறங்கும்போது பால் பீச்சி எடுத்த வெறும் மார்பைச் சப்ப விடச் சொன்னார்கள், வாய்க்கும் வயிறு நிறைவதற்கும் உள்ள தொடர்பு மறந்துபோகாமல் இருக்க. முதல் வாரத்தில் 180 கிராம் ஏறினான். தராசுக்காரரையே இரண்டாம் தடவை பார்க்கச் சொன்னேன்.

எடை ஏறட்டும், அப்புறம் ஆபரேஷன் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் திரும்பவும் கேளுங்கள். ஓட்டையால்தான் எடை ஏறவில்லை என்றால் அந்த எடைக்காக எத்தனை நாள் காத்திருப்பது? பெரிய ஓட்டைகளை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அடைப்பது வழக்கம், மருந்தும் குழாயும் கொடுத்தும் தேறாவிட்டால் அதுவே ஆபரேஷனுக்கு ஒரு காரணம். எங்களுக்கு நாலரை மாதத்தில், 4.2 கிலோவில் செய்தார்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில்.

ஆபரேஷன் முடிந்ததும் மறுநாளே மளமளவென்று குடிப்பான் என்று நினைத்தேன். இல்லை. வென்டிலேட்டர் எடுத்தபின் தொண்டை கரகரப்பு, பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பல், பத்து நாள் ஆனது. பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு நெஞ்சில் பால் மாதிரி வெள்ளையாக நீர் கட்டி, சில வாரத்துக்குத் தாய்ப்பாலையே நிறுத்திக் கொழுப்பு மாற்றிய பால் கொடுத்தார்கள். அந்த அம்மா பீச்சிப் பீச்சி ஃப்ரீசரில் வைத்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் இவன் பத்து நிமிடத்தில் 60 மி.லி. குடித்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. ஆனால் குழாய் போட்டு வளர்ந்ததாலோ என்னவோ, எட்டாவது மாதத்தில் ஸ்பூனைப் பார்த்தாலே குமட்டினான், கேழ்வரகுக் கூழுக்கு மூன்று மாதம் போராடினோம். உங்களுக்கும் அப்படி வந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேளுங்கள், பயிற்சி கொடுக்கிறார்கள்.

இப்போதைக்கு: தூங்கும்போது முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள், 60ஐத் தாண்டினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காவிட்டாலும், சிறுநீர் குறைந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்புறம் ஒன்று, டாக்டர் முன்னால் இவர்கள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள், நாம் சொல்வதுதான் பதற்றமாகத் தெரியும். இன்று ராத்திரி பால் கொடுக்கும்போது அந்த வியர்வையும் விலாவில் விழும் குழியும் தெரிகிற மாதிரி சட்டையைக் கழற்றிவிட்டு போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனதும் பேசும் முன்னால் அதைக் காட்டுங்கள்.